இரு சேனல் வால்வு காம்போ: ஐம்பது ஆண்டுத் தேடல் எங்கே நிற்கிறது?

மின்கிதார் வாசிப்பவர்களிடையே ஒரு கேள்வி அரை நூற்றாண்டாக ஓயவில்லை. ஒருவர் தனியாகத் தூக்கிச் செல்லும் எடையில், ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய காம்போவாக, வால்வுகளால் இயங்கி, காலால் ஒரு ஸ்விட்சை மிதித்ததும் தெளிந்த ஒலியிலிருந்து கரகரத்த லீட் ஒலிக்கு மாறும் ஆம்ப் எது? தூக்க எளிதான ஆம்ப் ஏராளம். நல்ல வால்வு ஆம்புகளும் ஏராளம். இரண்டு சேனல்களும் அருமையாக ஒலிக்கும் ஆம்புகளுக்கும் குறைவில்லை. எல்லாத் தகுதியும் ஒரே பெட்டியில் சேர வேண்டும் என்னும்போதுதான் ஒன்று மற்றொன்றோடு மோதுகிறது.

தயாரிப்பாளர்களும் வாசிப்பவர்களும் இதற்குப் பல பதில்களை முன்வைத்திருக்கிறார்கள். வாட்டைக் கூட்டச் சொல்பவர்கள், குறைக்கச் சொல்பவர்கள், இரு சேனல்களுக்கும் தனித்தனிக் குமிழ்கள் கேட்பவர்கள், ஒரே சேனலும் பெடலும் போதும் என்பவர்கள், வால்வையே கைவிடச் சொல்பவர்கள் என்று தரப்புகள் நீள்கின்றன. இவற்றின் தோற்றத்தையும் வலுவையும் பலவீனத்தையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. இதன் அடிப்படை வாதம் ஒன்று: ஆம்ப் தேர்வு பெரும்பாலும் லீட் சேனலைக் கேட்டு முடிவாகிறது, முடிவாக வேண்டியதோ தெளிந்த சேனலைக் கேட்டு.

பழுதிலிருந்து பிறந்த தேவை

மின்கிதார் ஆம்ப், ரேடியோவின் பிள்ளை. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை நடத்தியவர். ஆர்.சி.ஏ. 1936-இல் வெளியிட்ட 6எல்6, அதன் சிறிய உறவான 6வி6 போன்ற வால்வுகள் கிதாருக்காகப் பிறந்தவை அல்ல. ரேடியோவுக்கும் ஒலிபெருக்கிக்கும் செய்யப்பட்டவற்றைக் கிதார் உலகம் எடுத்துக்கொண்டது. அக்காலப் பொறியாளரின் இலக்கு, கிதாரின் ஒலியைச் சிதைக்காமல் பெரிதாக்குவது. ஒலி சிதைந்தால் அது பழுது.

பழுதை விரும்பியவர்கள் இசைக்கலைஞர்கள். 1951-இல் மெம்ஃபிஸில் பதிவான ‘ராக்கெட் 88’ பாடலில் அடிபட்ட ஒரு ஆம்பின் கரகரப்பு அப்படியே இடம்பெற்றது. லிங்க் ரே 1958-இல் வெளியிட்ட ‘ரம்பிள்’ இசைக்கான கரகரப்புக்கு ஸ்பீக்கர் கூம்பில் துளையிட்டார். 1966-இல் ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் ஒரு மார்ஷல் காம்போவை உரக்கத் திருகி வாசித்த இசைத்தட்டு வெளிவந்தபோது, சிதைவு ஒரு கலைக்கூறாக நிலைபெற்றுவிட்டது.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. தெளிந்த ஒலி வேண்டுமானால் ஆம்ப் தன் கொள்ளளவுக்குள் இயங்க வேண்டும். கரகரத்த ஒலி வேண்டுமானால் அதைத் தாண்ட வேண்டும். ஒரே சத்த அளவில் ஒரே கருவி இரண்டையும் செய்வது இயற்கையாக நடப்பதில்லை. நூறு வாட் ஆம்ப் டிரம்ஸ் பக்கத்தில் தெளிவாக நிற்கும். அதைச் சிதைய வைக்கக் கூடத்தையே அதிரவிட வேண்டும். ஐந்து வாட் ஆம்ப் எளிதில் சிதையும். டிரம்ஸ் தொடங்கியதும் அதன் தெளிந்த ஒலி காணாமல் போகும். இந்த முரணைத் தீர்க்க வந்த பொறியியல் முயற்சிதான் இன்றைய இரு சேனல் அமைப்பு.

இரண்டு சேனல், இரண்டு மரபு

‘இரு சேனல்’ என்று விற்கப்படும் ஆம்புகள் உண்மையில் இரண்டு வேறு மரபுகளைச் சேர்ந்தவை. வாங்குபவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

பழைய மரபில் இரண்டு சேனல்கள் என்பது இரண்டு தனி நுழைவாய்கள். ஒரே ஆம்பில் கிதாரும் மைக்கும், அல்லது இரண்டு வாத்தியங்கள் சேர்ந்து ஒலித்த காலத்தின் ஏற்பாடு அது. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபர்டில், டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி15, ஏசி30 ஆகியவையும், ஃபெண்டர் 1963-இல் வெளியிட்ட டீலக்ஸ் ரிவெர்பும் இவ்வகை. டீலக்ஸ் ரிவெர்பில் ‘நார்மல்’, ‘விப்ராட்டோ’ என இரண்டு சேனல்கள் உண்டு; ரிவெர்பும் ட்ரெமலோவும் இரண்டாவதில் மட்டுமே கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காலால் தாவ முடியாது. இன்று விற்கும் ஏசி15-இன் ‘நார்மல்’, ‘டாப் பூஸ்ட்’ சேனல்களும் இந்த மரபின் தொடர்ச்சியே. குறிப்பேட்டில் ‘இரண்டு சேனல்’ என்று பார்த்து வாங்கிவிட்டு ஃபுட் ஸ்விட்சைத் தேடுபவர் ஏமாறுவது இதனால்தான். ஆம்பில் குறை ஒன்றுமில்லை. அது வேறு தேவைக்குப் பிறந்தது.

இரண்டாவது மரபின் தொடக்கம் ராண்டல் ஸ்மித். வடக்குக் கலிஃபோர்னியாவில் ஆம்ப் பழுது பார்த்துவந்த இவர், 1960களின் இறுதியில் ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பெரிய பேஸ்மேன் வகைச் சுற்றையும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரையும் பொருத்தினார். மெசா பூகி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. கார்லோஸ் சாந்தானா அதன் தொடக்ககால வாசிப்பாளர்களில் ஒருவர். கையில் தூக்கும் ஆம்பும் சேனல் மாற்றும் ஆம்பும் ஒரே பணிமேசையில் உருவானவை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. ஸ்மித் அடுத்து, பவர் பகுதிக்கு முந்தைய ப்ரீஆம்ப் பகுதியில் கூடுதலாக ஒரு பெருக்க நிலையைச் சேர்த்தார். ஒரு நிலை அடுத்த நிலையை நிரம்பி வழியச் செய்ய, சிதைவு ப்ரீஆம்பிலேயே பிறந்தது. மொத்தச் சத்தத்தை மாஸ்டர் குமிழ் தனியே கட்டுப்படுத்தியது. உரத்த ஒலிதான் சிதைவு தரும் என்ற கட்டாயம் இங்கே தளர்ந்தது. 1970களின் இறுதியில் தெளிந்த பாதையையும் லீட் பாதையையும் காலால் மாற்றும் வசதி சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் பால் ரிவேராவின் பொறுப்பில் ஃபெண்டர் வெளியிட்ட சூப்பர் சாம்ப், பதினெட்டு வாட்டையும் பத்து அங்குல ஸ்பீக்கரையும் மாற்றத்தக்க லீட் ஒலியையும் ஒரு சிறு பெட்டியில் வைத்தது. மார்ஷலும் ஜேசிஎம்800 வரிசையில் சேனல் பிரிந்த வகைகளைக் கொண்டுவந்தது.

இந்த மரபின் மீதான முதல் விமர்சனம் ஒலி பற்றியது. ப்ரீஆம்பில் பிறக்கும் சிதைவும், பவர் வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் ஆகிய மூன்றும் சேர்ந்து திணறும்போது பிறக்கும் சிதைவும் ஒன்றல்ல. முன்னது இறுக்கமானது, மேல்தொனி மிகுந்தது. பின்னது தொடுகைக்கு நெகிழ்ந்து கொடுப்பது. ப்ளூஸ் மரபினர் இதை ஒரு தரக்குறைவாகவே சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால் 1987-இல் வந்த சோல்டானோ எஸ்.எல்.ஓ.-100 போன்ற ஆம்புகளுக்குப் பின், ப்ரீஆம்ப் சிதைவு ஹார்ட் ராக், மெட்டல் இசையின் இயல்பான மொழியாகிவிட்டது. எனவே இதைத் தரப் பிரச்சினை என்பதைவிட வகைப் பிரச்சினை என்பதே பொருத்தம்.

இரண்டாவது விமர்சனம் நடைமுறை சார்ந்தது. எனக்கு இதுவே கனமானதாகப் படுகிறது. சிறிய காம்போவின் முகப்பில் இடம் குறைவு, செலவுக்கும் வரம்பு உண்டு. அதனால் இரண்டு சேனல்களும் பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்களைப் பகிர்ந்துகொள்ள நேர்கிறது. பீவி கிளாசிக் 30, மார்ஷல் டிஎஸ்எல்20 இரண்டும் அப்படி. தெளிந்த ஒலி பொதுவாகச் சற்றே குறைந்த மிடிலும் பளிச்சென்ற மேற்பகுதியும் கேட்கும். லீட் ஒலி இசைக்குழுவைக் கிழித்து வெளிவர மிடில் மிகுதியாக வேண்டும், பேஸ் அடங்க வேண்டும். ஒரே குமிழ்த் தொகுதி இரண்டையும் முழுதாகத் திருப்திப்படுத்துவது அரிது. ஆரஞ்ச் ராக்கர் 15 வேறு வழியை எடுத்தது: அதன் ‘நேச்சுரல்’ சேனலுக்கு ஒரே ஒரு வால்யூம் குமிழ், டோன் குமிழ்கள் அனைத்தும் ‘டர்ட்டி’ சேனலுக்கு. கிதாரின் இயல்பொலியை நம்புகிறவருக்கு இது போதும். அறைக்கு அறை ஒலியைச் சரிசெய்ய விரும்புபவருக்குப் போதாது. மெசாவின் ஃபில்மோர் 25 இரு சேனல்களுக்கும் முழுமையான தனிக் குமிழ்களைத் தருகிறது. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

மூன்றாவது சிக்கலைக் கடையில் கண்டுபிடிக்க முடியாது. தெளிந்த ஒலியில் மீட்டும் கணத்தின் உச்சம் உயர்ந்து உடனே தாழும். சிதைந்த ஒலி நசுங்கிச் சமமாக ஓடும். வீட்டில் மெல்லிய சத்தத்தில் சமப்படுத்திய இரு சேனல்கள், பவர் பகுதி தன் எல்லையை நெருங்கும் மேடைச் சத்தத்தில் சமமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒவ்வொரு சேனலுக்கும் தனி மாஸ்டர் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் நிகழ்ச்சிக்கு நடுவே ஒரு சேனல் அமுங்கும், மற்றொன்று அலறும்.

வாட் கணக்கும் அதன் மயக்கமும்

விற்பனைப் பேச்சில் முதலில் வரும் எண் வாட். மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. ஆற்றல் இருமடங்கானால் ஒலி மட்டம் 3 டெசிபல் மட்டுமே ஏறும். காதுக்கு இருமடங்கு உரக்கத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். பதினைந்து வாட் ஆம்பையும் முப்பது வாட் ஆம்பையும் சத்தத்தில் பிரிப்பது, தெளிவாகக் கேட்கும் என்றாலும் சிறிய ஒரு படியே.

அந்தப் படியை ஸ்பீக்கரே கொடுத்துவிடும், அல்லது பறித்துவிடும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது செலஷன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் 100 டெசிபல் தருவதாக அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். 97 டெசிபல் தரும் ஸ்பீக்கர்களும் சந்தையில் உண்டு. கணக்குப்படி 16 வாட்டை முன்னதற்குக் கொடுத்தால் 112 டெசிபல். பின்னதற்கு 32 வாட் கொடுத்தாலும் அதே 112 டெசிபல்தான். ஒரு ஸ்பீக்கர் மாற்றம் ஆம்பின் வாட்டை இருமடங்காக்கியதற்குச் சமம். எடையில் பெரிதாக எதுவும் கூடாமலே. இவ்வளவு பயனுள்ள எண் விளம்பரங்களில் வாட்டுக்கு அருகே அச்சிடப்படாதது வருத்தத்துக்குரியது.

நூறு வாட் மரபுக்கு ஒரு காலக் காரணம் உண்டு. 1960களின் அரங்கங்களில் பாட்டுக்கான ஒலிபெருக்கி அமைப்பே எளியதாக இருந்தது. கிதார் ஒலி கடைசி வரிசைவரை போக ஆம்பை விட்டால் வேறு வழியில்லை. இன்று மைக் வைத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் அரங்குகளில் அந்தக் காரணம் மறைந்துவிட்டது. ஆகவே ‘குறைந்த வாட்’ தரப்பு வலுப்பெற்றது. நல்ல வாதம்தான், ஆனால் பவர் வால்வின் சிதைவை வாசிப்பவர் எப்போதும் விரும்புவார் என்று அது மறைமுகமாக அனுமானிக்கிறது. ஜாஸ், ஃபங்க், திரையிசைப் பாணியில் தெளிந்த ரிதம் வாசிப்பவருக்கு அந்த அனுமானம் பொருந்தாது. டிரம்ஸ் வாசிப்பவர் பக்கத்தில் நிற்க, மைக் இல்லாத சிறு கூடத்தில், இரண்டு இஎல்84 வால்வுகள் கொண்ட பதினைந்து வாட் ஆம்பின் தெளிந்த சேனல் சீக்கிரமே கரகரக்கத் தொடங்கலாம்.

‘வீட்டுக்கு ஐந்து வாட் போதும்’ என்ற ஆறுதலும் சரியான கணக்கில் நிற்பதில்லை. 98 டெசிபல் ஸ்பீக்கரில் ஐந்து வாட், ஒரு மீட்டரில் ஏறக்குறைய 105 டெசிபல். தொழிலிடங்களுக்கான அமெரிக்க நியோஷ் அமைப்பின் பரிந்துரை 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது பதினைந்து நிமிடம். ஐந்து வாட்டை முழுதாகத் திருகி அறைக்குள் நாளெல்லாம் பயிற்சி செய்பவர் தம் காதைச் செலவழிக்கிறார். இளம் வாசிப்பாளர்களிடம் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இழந்த கேட்புத் திறனைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆற்றலைக் குறைக்கும் ஸ்விட்சுகளையும் இதே கணக்கில் எடைபோடலாம். டிஎஸ்எல்20-இல் இருபதிலிருந்து பத்து வாட்டுக்கு இறங்கினால் குறைவது 3 டெசிபல்தான். அதை அமைதிக்கான ஸ்விட்ச் என்று கருத முடியாது. பிளாக்ஸ்டார் எச்டி-20ஆர் இருபதிலிருந்து இரண்டு வாட்டுக்கு இறங்கும். அது 10 டெசிபல், காதுக்குப் பாதி. ராக்கர் 15 பதினைந்திலிருந்து அரை வாட்வரை இறங்கும்போது கிட்டத்தட்ட 15 டெசிபல் குறைகிறது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஆற்றலை வெப்பமாக்கும் அட்டென்யுவேட்டர்கள், பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் கொண்டுவந்த ‘பவர் சோக்’ காலத்திலிருந்தே உள்ளன. ஆனால் எந்த வழியில் குறைத்தாலும் ஒரு எல்லை இருக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியபடி, சத்தம் குறையும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன. சுற்று ஒரு இம்மியும் மாறாவிட்டாலும் மெல்லிய ஒலி மெலிந்தே கேட்கும். இரண்டு ஆம்புகளை ஒப்பிடும்போதும் இந்த விதி வேலை செய்கிறது: சற்றே உரக்க ஒலிப்பது ‘நல்ல ஆம்ப்’ போலத் தோன்றும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீடுகளை ஆதாரமாகக் கொள்வது கடினம்.

எடை எங்கே இருக்கிறது

வால்வுகள் கண்ணாடி, அவற்றுக்கு எடையே இல்லை எனலாம். கனப்பவை இரும்பு மையம் கொண்ட பவர் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் காந்தம், மரப்பெட்டி. தாழ்ந்த ஒலிகளைக் கூடுதல் ஆற்றலோடு கடத்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்பு மிகுதியாகத் தேவை. அதனால் தெளிந்த ஒலிக்கான இருப்பு கூடக்கூட எடையும் கூடுகிறது. இதைத் தந்திரத்தால் தவிர்க்க இயலாது.

இன்றைய மறுபதிப்புகளின் எடைகள் இந்தத் தொடர்பைக் காட்டுகின்றன. 85 வாட் ட்வின் ரிவெர்ப் 29 கிலோ. 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப் 19 கிலோ. ஒரே சேனல் கொண்ட பிரின்ஸ்டன் ரிவெர்ப் 15 கிலோவுக்குச் சற்று மேல். பதினைந்து வாட் வாக்ஸ் ஏசி15 ஏறக்குறைய 22 கிலோ. வாட் குறைவென்றால் எடையும் குறைவு என்று எண்ணுவோருக்கு இது எச்சரிக்கை. டிஎஸ்எல்20 காம்போ 16 கிலோ அளவில் நிற்கிறது. பேருந்திலோ இரண்டாம் மாடிப் படிக்கட்டிலோ ஒற்றைக் கைப்பிடியில் தூக்கும்போது பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

எடையைக் குறைக்கும் வழிகளில் குறைந்த இழப்போடு கிடைப்பது நியோடிமியம் காந்த ஸ்பீக்கர். அதன் எடை வழக்கமான ஃபெரைட் காந்த ஸ்பீக்கரின் எடையில் பாதி, சிலவற்றில் அதற்கும் கீழே. ஒலி அதேதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும் வேறுபாடு சுருங்கிவருகிறது. பெட்டியைச் சிறிதாக்குவதில் இழப்பு தெளிவானது. பின்புறம் திறந்த சிறு பெட்டியில் ஸ்பீக்கரின் முன் அலையும் பின் அலையும் சீக்கிரம் சந்தித்துத் தாழ்ந்த ஒலியை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பத்து அங்குல ஸ்பீக்கர் கொண்ட குட்டிக் காம்போக்களின் லீட் ஒலி மிடுக்காக இருந்தும் தெளிந்த ஒலி ஒல்லியாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

வால்வு தேவைதானா?

ரஸ்ஸல் ஹாம் 1973-இல் ஒலிப்பொறியாளர் சங்க இதழில் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தின் முக்கிய ஆவணம். ஒலிப்பதிவுக் கூட மைக் ப்ரீஆம்புகளை மிகைச்சுமையில் அளந்த அவர், வால்வில் இரண்டாம் ஹார்மோனிக்கும் டிரான்சிஸ்டரில் மூன்றாம் ஹார்மோனிக்கும் ஓங்குவதாகவும், இனிமை அதிலிருந்து வருவதாகவும் வாதிட்டார். கிதார் ஆம்ப் பேச்சில் இந்த முடிவு அன்றிலிருந்து இடைவிடாமல் மேற்கோளாகிறது. அதன் எல்லைகள்தான் பேசப்படுவதில்லை. அவர் அளந்தது கிதார் ஆம்பை அல்ல. மேலும் நாம் பேசும் காம்போக்களில் பெரும்பாலானவற்றின் பவர் பகுதி, இரண்டு வால்வுகள் மாறிமாறி இழுக்கும் புஷ்-புல் அமைப்பு. இரட்டைப்படை ஹார்மோனிக்குகளை அது பெருமளவு நீக்கிவிடும். ஆக ‘இரண்டாம் ஹார்மோனிக் இனிமை’ என்ற விளக்கம் முழுமையானதல்ல.

பிற்கால விளக்கங்கள் சுற்று முழுவதையும் பார்க்கின்றன. வால்வு ஆம்பின் வெளியீட்டு மின்தடுப்பு கூடுதல் என்பதால் ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு ஒலியில் கலக்கிறது. பலமாக மீட்டும்போது மின்னழுத்தம் சற்றே அமுங்கி மீள்கிறது. டிரான்ஸ்ஃபார்மரும் தன் பங்குக்கு வளைக்கிறது. ஆனால் இவை ஒவ்வொன்றையும் அளக்க முடியும். அளக்க முடிந்ததைப் போலி செய்யவும் முடியும். யிரி பகாரினன், டேவிட் யே இருவரும் 2009-இல் எழுதிய மதிப்பாய்வு இத்தகைய டிஜிட்டல் வழிகள் எத்தனை பெருகியிருந்தன என்பதைக் காட்டுகிறது. 1989-இன் சான்ஸ்ஆம்ப், 1998-இன் லைன் 6 பாட், பின்பு கெம்பர் என்று வந்த, வால்வொலியைப் போலி செய்யும் கருவிகளின் வரிசையில், 2019-இல் ஃபெண்டரே தன் டீலக்ஸ் ரிவெர்பை ‘டோன் மாஸ்டர்’ என்ற பெயரில் வால்வின்றி வெளியிட்டது. எடை பத்தரைக் கிலோவுக்குள். மூல ஆம்பின் பாதியைச் சற்றே தாண்டும். தயாரிப்பாளரே முன்வைத்த ஒப்பீடு என்பதால் இதைப் புறந்தள்ள முடியாது.

அப்படியானால் வால்வுக்கு எஞ்சியிருப்பது என்ன? ஒலிபெருக்கி வழியே தொலைவில் கேட்பவருக்கு வேறுபாடு தெரியும் என்று உறுதியாகச் சொல்வது இன்று கடினம். விரலுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான உறவை அருகில் நின்று உணரும் வாசிப்பாளரின் சாட்சியம் வேறாக இருக்கிறது. அது முற்றிலும் கற்பனை என்று ஒதுக்கவும் ஆதாரமில்லை. இதைவிட வலுவான வாதமாக நான் கருதுவது பழுதுநீக்கம். 1963-இன் டீலக்ஸ் ரிவெர்பை இன்றும் சால்டரிங் இரும்பு கொண்டு உயிர்ப்பிக்கலாம். இன்றைய டிஜிட்டல் பலகையின் சிப்புகள் இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்குமா என்பது யாருக்கும் உறுதியில்லை. ஆனால் மலிவான வால்வு ஆம்புகள் பலவற்றில் வால்வுகள் அச்சிட்ட பலகையிலேயே செருகப்படுகின்றன. வெப்பம் பலகையைத் தாக்குகிறது. அவற்றுக்கு இந்த வாதம் அரைகுறையாகவே பொருந்தும்.

வால்வு வழங்கலும் கவலைக்குரியது. அமெரிக்க, பிரிட்டிஷ் ஆலைகள் பெரும்பாலும் மூடப்பட்ட பின், ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவ் ஆலை, சீன ஆலைகள் என்று மிகச் சில இடங்களே உலகத்தைத் தாங்குகின்றன. 2022-இல் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடை அறிவிப்பு விலைகளை ஏற்றியது. அந்த வழங்கல் பின்னர் மீண்டது என்றாலும், எவ்வளவு மெல்லிய இழையில் இது தொங்குகிறது என்பது தெரிந்துவிட்டது.

ஒரே சேனலும் பெடலும்

இரண்டாம் சேனலே வேண்டாம் என்பவர்களின் வாதம் எளிது. தெளிந்த ஒலி நன்றாக உள்ள ஒரே சேனல் ஆம்பை வாங்கு. சிதைவைப் பெடலிடம் விடு. 1962-இன் மேஸ்ட்ரோ ஃபஸ் டோனிலிருந்து 1970களின் இறுதியில் வந்த ட்யூப் ஸ்க்ரீமர்வரை அதற்கு நீண்ட மரபு உண்டு. பிரின்ஸ்டன் ரிவெர்ப், ப்ளூஸ் ஜூனியர் போன்ற ஆம்புகள் இத்தரப்பின் விருப்பம். சிதைவின் குணம் பிடிக்கவில்லையென்றால் பெடலை மட்டும் மாற்றலாம். ஆம்பை விற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பெடலுக்கும் தனி டோன் குமிழ் இருப்பதால் பகிர்ந்த குமிழ்ச் சிக்கலும் பாதி தீர்கிறது.

இவர்கள் கணக்கில் விடுபடுவது பெடல் பலகையின் எடை. பலகை, மின்வழங்கி, கேபிள்கள், பை எல்லாம் சேர்ந்து சில கிலோ ஆகும். நான்கு கிலோ இலகுவான ஆம்பை வாங்கிய லாபம் அங்கே கரைந்துவிடலாம். சேனல் மாற்றும் ஆம்புக்கு ஒரு சிறு ஃபுட் ஸ்விட்சும் ஒரு கேபிளும் போதும். எப்படியும் பெடல்கள் எடுத்துச் செல்பவருக்கு ஒற்றைச் சேனல் மலிவு. ஒன்றும் எடுத்துச் செல்ல விரும்பாதவருக்கு இரட்டைச் சேனலே எடைகுறைவு.

230 வோல்ட் நாட்டில்

தமிழகத்திலும் இலங்கையிலும் வாங்குபவர் சில கூடுதல் விஷயங்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானதாக இருக்கலாம். நேரடியாகச் செருகினால் வீணாகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் எடையில் இன்னும் சில கிலோ. 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகவும் கூடும். தூக்க எளிதான ஆம்ப் தேடியவருக்கு இது நேர்மாறான முடிவு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் வால்வின் 6.3 வோல்ட் இழையும் அதே விகிதத்தில் ஏறி இறங்கும். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் வால்வின் ஆயுள் குறையும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை இயக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். அணைத்த பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம் என்பதால், பழகாதவர் மூடியைத் திறக்கவே கூடாது.

எது முடிவானது, எது திறந்திருக்கிறது

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். வாட் எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. ஸ்பீக்கரின் திறனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பாதியாக்கும் ஸ்விட்ச் அமைதி தராது. குமிழ்களைப் பகிரும் இரு சேனல் ஆம்பில் ஏதாவது ஒரு சேனல் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ‘இரண்டாம் ஹார்மோனிக்’ விளக்கம் வால்வின் ஈர்ப்பை முழுதாக விளக்காது.

திறந்திருப்பவையும் உண்டு. அருகில் நின்று வாசிப்பவர் உணரும் வேறுபாட்டில் எவ்வளவு சுற்றினுடையது, எவ்வளவு பழக்கத்தினுடையது என்பது தீரவில்லை. சத்தத்தைச் சமப்படுத்தி, எது எதுவென மறைத்து, கேட்பவரை மட்டுமன்றி வாசிப்பவரையும் சோதிக்கும் ஆய்வுகள் இன்னும் நிறைய வேண்டும். வால்வு ஆலைகள் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்பதும் இசைக்கு வெளியே தீர்மானமாகும் விஷயம்.

இந்த நிலையில் என் மதிப்பீடு இது. மைக் உள்ள அரங்குகளிலும் சிறு கூடங்களிலும் வாசிப்பவருக்கு, 15 முதல் 25 வாட், 98 டெசிபலுக்குக் குறையாத பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், 18 கிலோவுக்குள் எடை, சேனலுக்கொரு மாஸ்டர் என்பது நியாயமான எல்லை. தனித்தனி டோன் குமிழ்களுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு ஆகாது. ஆம்பைச் சோதிக்கும்போது தெளிந்த சேனலை டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும் சத்தத்தில் முதலில் வாசியுங்கள். அது அங்கே உடையாமல் நின்றால் மட்டும் லீட் சேனலுக்குப் போங்கள். லீட் ஒலியின் குறையை ஒரு பெடலால் சரிசெய்துவிடலாம். தெளிந்த ஒலியின் இருப்பு போதவில்லையென்றால் அதைப் பின்னர் சேர்க்க எந்தப் பெடலாலும் முடியாது.